மறுகா என்ன நடந்த? குட்டிக் கோக்கு திரும்பி வருகிறான்

[திரை: பாண்டிருப்புக் கடற்கரை, விடியற்காலை. ஒரு பையன் பூவரசந்தடியைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறான்.]

வணக்கம். இன்று 2024 அக்டோபர் 4. இன்னும் ஏழு நாள்தான். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஜப்பானில் இரவு 11.40 ஆகும்போது இங்கே பாண்டிருப்பில் 8.10. அந்த நேரத்தில் ஃபுஜி தொலைக்காட்சியில் 'டிராகன் பால்' என்ற ஜப்பானிய அனிமேஷன் கதையின் புதிய தொடரான 'டிராகன் பால் டைமா' தொடங்குகிறது. கதையின் நாயகன் கோக்கு மறுபடியும் சின்னப் பையனாகித் தன் பழைய தடியோடு வருகிறான். முன்னோட்டம் வந்த நாளிலிருந்து காலைத் தேநீரோடு ஒரு தரம், படுக்கப் போகும் முன் ஒரு தரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொடர் எப்படித் திரும்பி வந்தது, அது எனக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம், இரண்டையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். டிராகன் பால் ஒரு அத்தியாயம்கூடப் பார்க்காதவர்களும் இருந்து பாருங்கள். எங்கள் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்குப் புரிந்தது, உங்களுக்கும் புரியும்.

[திரை: கீறல் விழுந்த டிவிடி ஒன்று. மேலே மார்க்கர் பேனாவால் எழுதிய எண் பாதி அழிந்திருக்கிறது.]

சுனாமியில் எங்கள் கடற்கரை வீடு போனது. பிறகு நாவிதன்வெளியில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். 2006 இல் அண்ணன் ஒரு பழைய ரீவியும் டிவிடி பிளேயரும் கொண்டுவந்தான். கல்முனையில் ஒரு சிடிக் கடையில் எடுத்த நாலு டிவிடிகளும் கூடவே வந்தன. உறையில் மஞ்சள் முடி சிலிர்த்து நிற்கும் ஒருவன். எனக்குப் பத்து வயது. அந்த நாலு டிவிடிகளும் கதையின் நடுவிலிருந்து தொடங்கி நடுவிலேயே முடிந்தன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆங்கில டப். எனக்குப் பாதி புரியும், அண்ணனுக்கு முக்கால்வாசி புரியும். பெத்தா பாயில் சாய்ந்து வெற்றிலை இடித்தபடி படத்தை மட்டும் பார்ப்பா. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எங்களிடம் கேட்பா: "மறுகா என்ன நடந்த புள்ள?"

வேறு ஊர்க்காரர்களுக்கு: 'மறுகா' என்றால் பிறகு, அப்புறம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சொல். கதை கேட்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை முதலில் பழகுகிற சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாலாவது டிவிடி நமெக் என்ற கிரகத்தில் முடிந்தது. ஃப்ரீசா என்ற கொடியவனுக்கு எதிரே கோக்கு இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, உயிர்களிடமெல்லாம் சக்தி கேட்டு ஒரு பெரிய ஒளிப்பந்தை உருட்டிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. அடுத்த டிவிடி கடையில் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. பெத்தா கேட்டா, "மறுகா?" எங்களிடம் பதில் இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருசம் கோக்கு எங்கள் வீட்டில் கைகளை உயர்த்தியபடியே நின்றான்.

[திரை: வாராந்த மங்கா இதழ்கள் அடுக்கு அடுக்காக.]

சரி, அடிப்படையிலிருந்து வருவோம். டிராகன் பாலை உருவாக்கியவர் அகிரா தொரியாமா. 1984 இன் கடைசியில் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாகத் தொடங்கினார். 1995 வரை வாராவாரம் 519 அத்தியாயங்கள், 42 தொகுதிகள். 1986 பிப்ரவரியில் தொயெய் அனிமேஷன் நிறுவனம் அதை அனிமேயாக, அதாவது அசையும் படத் தொடராக ஆக்கியது. முதல் தொடர் 153 அத்தியாயங்கள், கோக்குவின் சிறுபிராயம். 1989 இல் தொடங்கிய 'டிராகன் பால் இசட்' 291 அத்தியாயங்கள், வளர்ந்த கோக்கு. எங்கள் நாலு டிவிடிகளும் இசட்டின் துண்டுகள்.

மூலக்கதையின் வேர் சீனாவில் இருக்கிறது. 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற 16 ஆம் நூற்றாண்டுச் சீன நாவலில் சுன் வூகோங் என்றொரு குரங்கு வீரன் வருகிறான். அவன் பெயரைச் சீன எழுத்தில் எழுதி ஜப்பானிய உச்சரிப்பில் வாசித்தால் சொன் கோக்கு. வால், நினைத்தபடி நீளும் தடி, ஏறிப் பறக்கும் மேகம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. பெத்தா ஒரு நாள் பழைய கோக்குவின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது அனுமாரெல்லோ" என்றா. நாங்கள் சிரித்தோம். பல வருசம் கழித்து வாசித்தேன்: ஹூ ஷி என்ற சீன அறிஞரும் அந்தக் குரங்கின் மூலம் அனுமன்தான் என்று கருதியிருக்கிறார். லூ சுன் அதை ஏற்காமல், சீனாவின் பழைய நீர்ப்பூதக் கதை ஒன்றைக் காட்டினார். வழக்கு முடியவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் பெத்தாவின் தீர்ப்புத்தான் இறுதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாவலில் குரங்கு துணைக்குப் போகிற துறவி, நாம் பள்ளிக்கூடத்தில் படித்த யுவான் சுவாங். உண்மையான யுவான் சுவாங் 640 அளவில் காஞ்சிபுரம் வரை வந்தார். அங்கிருந்து இலங்கைக்கு வரும் எண்ணம் அவருக்கு இருந்தது. இங்கே குழப்பமும் பஞ்சமும் என்று இலங்கையிலிருந்து அங்கு போயிருந்த துறவிகள் சொன்னதால் திரும்பிவிட்டார். கோக்குவின் கதைக்கு மூலமான அந்தப் பயணம் எங்களிடமிருந்து ஒரு கடல் தூரத்தில் திசை மாறியிருக்கிறது. இதை வாசித்த அன்று இரவு அண்ணனுக்கு நீளமாக ஒரு குரல் செய்தி அனுப்பினேன்.

[திரை: கோக்கு சக்தியைத் திரட்டும் காட்சி. கீழே ஒரு கடிகாரம் ஓடுகிறது.]

இசட் பற்றி எல்லாரும் கேட்கும் கேள்வி: ஏன் இவ்வளவு இழுவை? ஃப்ரீசா, இன்னும் ஐந்து நிமிடத்தில் நமெக் வெடிக்கும் என்கிறான். அந்த ஐந்து நிமிடம் ஏறக்குறைய பத்து அத்தியாயங்கள் ஓடுகிறது.

காரணம் எளிமையானது. மங்கா வாரம் சுமார் 15 பக்கம் வரும். அனிமேயும் வாரம் ஒன்று. இருபது நிமிடப் படத்துக்கு 15 பக்கச் சண்டை போதாது, ஒரு மங்கா அத்தியாயத்துக்கு மேலே தின்றுவிடும். அனிமே வேகமாக ஓடினால் தொரியாமா இன்னும் வரையாத பக்கத்தில் போய் முட்டிக்கொள்ளும். ஆகவே தொயெய் இழுத்தது. முறைப்பு, மூச்சு, காற்று, பறக்கும் கல், பக்கத்தில் நிற்பவர்களின் அதிர்ந்த முகம். மங்காவில் இல்லாத கிளைக்கதைகளும் சேர்ந்தன. அப்போது ஒவ்வொரு படத்தையும் செல் தாளில் கையால் வண்ணமடித்து, 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் பிடித்தார்கள். ஒரே முறைப்பை நீட்டினால் நேரமும் மிச்சம், கையும் மிச்சம்.

இதைக் குறையென்றுதான் பலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் நான் பெத்தாவோடு பார்த்தவள். கோக்கு கத்திக் கத்திச் சக்தி ஏற்றும்போது பெத்தா ஒரு தரம்கூடச் சலித்ததில்லை. "வரவு அப்பிடித்தான் இருக்கும்" என்பா. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்து பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். வட்டக்களரிக்குள் ஒரு அரசன் வந்தவுடன் சண்டை போட மாட்டான். வரவுப் பாட்டுப் பாடி, தாளத்துக்கு ஆடி, தான் யார், தன் வலிமை என்ன என்று சொல்லி முடித்த பிறகுதான் கதைக்குள் இறங்குவான். விடிய விடிய நடக்கும். வீமன் துரியோதனனை எப்போது அடிப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அடிக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வைக்கிறார்கள் என்பதில்தான் கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியாரின் கெட்டித்தனம். கோக்குவின் எதிரியான வெஜிட்டா வந்ததும் பெத்தா அவனுக்குத் துரியோதனன் என்று பெயர் வைத்தா. ஆணவம், வீரம், விட்டுக்கொடுக்காத நெஞ்சு எல்லாம் பொருந்தியது. பிறகு அவன் நல்லவர்களோடு சேர்ந்தபோது, "துரியோதனன் திருந்திற்றான்" என்று சந்தோசப்பட்டா.

பெயர் என்றதும் இதைச் சொல்லாமல் போக முடியாது. வெஜிட்டாவின் இனம் சயாஜின். ஜப்பானிய மொழியில் காய்கறிக்கு 'யசாய்'. அந்த எழுத்துகளை மாற்றிப் போட்டால் 'சையா'. அந்த இனத்தில் எல்லாருக்கும் காய்கறிப் பெயர்: வெஜிட்டா, ரடிட்ஸ் என்ற முள்ளங்கி, கோக்குவின் பிறப்புப் பெயரான ககரொட் என்ற கரட். ஃப்ரீசா குளிர்சாதனப் பெட்டி. கோக்குவின் மகன் கோஹான் என்றால் சோறு. இதைக் கேட்ட நாளிலிருந்து பெத்தா அவனைச் 'சோத்துப் பொடியன்' என்றுதான் கூப்பிடுறா.

[திரை: கறுப்பு முடி, பிறகு வெறுமையாக விட்ட முடி. பென்சில் கோட்டில்.]

அந்தத் தங்க முடியும் ஒரு கதை. கோக்குவின் முடி கறுப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் உதவியாளர் மை பூசி நிரப்ப வேண்டும், நேரம் போகும். சூப்பர் சயாஜின் என்ற வலிமை கூடிய உருவத்துக்கு மாறினால் முடி வெளிர் நிறம், கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் வெறுமையாக விட்டால் போதும். மை பூசுகிற வேலையை மிச்சப்படுத்தவும் அப்படிச் செய்ததாகத் தொரியாமாவே சொல்லியிருக்கிறார். எங்கள் டிவிடி உறையில் என்னை இழுத்த அந்த மஞ்சள் முடி, ஒரு களைத்த கை ஓய்வு தேடியதில் பிறந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த மனிதர் மேல் பாசம் கூடிப்போனது.

அடுத்த டிவிடி 2007 இல் கிடைத்தது. மட்டக்களப்புக்குப் போன அண்ணன் கொண்டுவந்தான். அன்று இரவு கரண்ட் இல்லை. மறுநாள் மத்தியானம் வந்தது. ஒளிப்பந்து ஃப்ரீசாவைக் கொல்லவில்லை. கோக்குவின் நண்பன் கிரிலின் சாகிறான். கோக்குவின் முடி எழும்புகிறது, நிறம் மாறுகிறது. பெத்தா வெற்றிலை உரலை வைத்துவிட்டு எழுந்து நின்றா. அதை நான் இன்றைக்கும் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஒரு வருசமாகப் பதில் இல்லாத 'மறுகா'வுக்குப் பதில் வந்துவிட்டது.

[திரை: ஆண்டுகள் ஓடுகின்றன. 1996, 1997, 2009, 2013, 2015.]

இனி, திரும்பி வந்த கதை. இசட் 1996 ஜனவரியில் முடிந்தது. அடுத்து வந்த 'ஜிடி' 64 அத்தியாயங்களோடு 1997 இல் முடிந்தது. அதன் கதை தொரியாமாவுடையது அல்ல. அதன் பிறகு புதிய தொலைக்காட்சிக் கதை 18 வருசம் வரவில்லை. 2009 இல் வந்த 'கை' புதிய கதை இல்லை. இசட்டின் இழுவையை வெட்டிச் சுருக்கிய பதிப்பு. வேகம் வேண்டுமானால் அதைப் பார்க்கலாம். எனக்கு வரவு இல்லாத கூத்து மாதிரி இருந்தது.

அதே 2009 இல் ஹாலிவுட்டில் மனிதர்களை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். திரைக்கதை தன் கதையுலகத்தைச் சரியாகக் கொண்டுவரவில்லை என்று தொரியாமா சொல்லிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. அந்த மனக்குறைதான் அவரை மறுபடியும் உள்ளே கொண்டுவந்தது. 2013 இல் வந்த அனிமேப் படத்தில் கதையில் ஆழமாகக் கை வைத்தார். அது ஓடியது. 2015 ஜூலையில் 'சூப்பர்' தொடர் வந்தது, 2018 மார்ச் வரை 131 அத்தியாயங்கள். அதன் தொடக்க அத்தியாயங்களில் படம் வரைந்த அவசரம் கண்ணில் குத்தும். எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். கடைசிப் பகுதி உண்மையிலேயே நெருப்பு. அதன் முடிவுக்கு மெக்சிகோவின் பல நகரங்களில் பெருந்திரை கட்டிச் சனம் கூடிப் பார்த்தது. அந்தப் படங்களைப் பார்த்தபோது எங்கள் ஊர்க் களரிதான் நினைவுக்கு வந்தது.

பிறகு இரண்டு படங்கள். அப்புறம் 2023 அக்டோபரில் நியூயோர்க்கில் 'டைமா' அறிவிப்பு. தொரியாமா ஒரு செய்தி எழுதினார். ஏதோ ஒரு சதியால் கோக்குவும் கூட்டமும் சிறியவர்களாகிவிடுகிறார்கள், அதைச் சரிசெய்யப் புதிய உலகத்துக்குப் போகிறார்கள். கதையும் பின்னணியும் தன்னுடையவை, உருவங்களில் நிறையவும் தானே வரைந்தவை, வழக்கத்தைவிட அதிகமாகவே இதில் உழைக்கிறேன் என்றார்.

2024 மார்ச் 1 ஆம் தேதி அவர் இறந்துபோனார். மூளையுறைக்கு அடியில் இரத்தக் கசிவு. 68 வயது. மார்ச் 8 ஆம் தேதிதான் உலகத்துக்குச் சொன்னார்கள். நான் அப்போது பஸ்ஸில், கல்லாறு தாண்டி வந்துகொண்டிருந்தேன். போனில் செய்தியைப் பார்த்துவிட்டு அண்ணனுக்கு எடுத்தேன். இருவரும் அதிகம் பேசவில்லை. 'அவர் அதை முடித்திருப்பாரா' என்று மட்டும் அண்ணன் கேட்டான்.

[திரை: சின்னக் கோக்கு, பெரிய கோக்கு, மறுபடி சின்னக் கோக்கு. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்.]

எனக்கு டைமாவில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஜிடியிலும் கோக்கு சின்னவனானான், இதில் என்ன புதுமை என்று கேட்கிறவர்களும் இதைக் கவனியுங்கள். மங்காவில் தொரியாமா கோக்குவை வளரவைத்ததற்கு ஒரு வரைகலைக் காரணம் உண்டு. பெரிய தலை, குட்டைக் கை கால். அந்த உடம்பில் சண்டை வரைவது கஷ்டம், எட்டி உதைத்தால் எட்டாது. வளர்ந்த உடம்பில் வீச்சு உண்டு. நாயகனின் உருவத்தையே மாற்றுவது ஆபத்தான முடிவு, இருந்தும் மாற்றினார். தடியும் போனது. கதைப்படி கோக்கு அதைக் கரின் கோபுரத்தின் உச்சியில் ஊன்றி, நீட்டி, அதற்கு மேலே இருக்கிற கடவுளின் இடத்துக்கு ஏறினான். இசட்டில் அது கோக்குவின் ஆயுதமாக இல்லை.

இப்போது உடம்பு மறுபடியும் சிறிது. கை எட்டாது. ஆகவே தடி திரும்பி வருகிறது. அந்த எட்டாத கைக்காகத்தான் தடியை எடுத்துக் கொடுக்கிறேன் என்று தொரியாமாவே காரணம் சொன்னார். முப்பது வருசத்துக்கு முன்னால் வரைய முடியாமல் விட்டுப்போன சண்டையை, கடைசியில் தானே திரும்பி வந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். முன்னோட்டத்தில் அந்தத் தடி சுழலும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு தரமும் தொண்டை அடைக்கிறது.

உருவங்களை அனிமேக்கு வடிவமைத்தவர் கட்சுயோஷி நகட்சுரு. இசட் காலத்திலிருந்து தொரியாமாவின் கோட்டைப் பழகியவர். ஜிடியில் வரும் சூப்பர் சயாஜின் 4 உருவத்தை வரைந்ததும் அவர். ஆகவே கோட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

[திரை: ஒலிப்பதிவுக் கூடத்தின் மைக் ஒன்று. பின்னால் வெறுமை.]

குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் டிவிடியில் கோக்குவின் குரல் ஷான் ஷெமல், ஆங்கிலம், கனத்த ஆண்குரல். பல்கலைக்கழகம் போன பிறகுதான் ஜப்பானிய மூலத்தைக் கேட்டேன். முதல் நிமிடம் திகைப்பு. கோக்கு ஒரு பெண்! மசாகோ நொசாவா. 1986 இல் தொடங்கும்போது அவருக்கு 49 வயது. தேர்வுக்கு வந்த குரல் பதிவுகளைக் கேட்ட தொரியாமா, இவர்தான் என்று சொன்னாராம். கோக்கு, மூத்த மகன் கோஹான், இளைய மகன் கோதென், மூன்று பேருக்கும் அவர்தான் குரல். மூவரும் ஒரே காட்சியில் இருந்தாலும் ஒரே ஓட்டத்தில் மாறி மாறிப் பேசிவிடுவார். இரண்டு வாரத்தில் ஜப்பானியக் குரலுக்கு நான் முழுதாக மாறிவிட்டேன். அந்தக் குரலில் ஒரு வெள்ளந்தி இருக்கிறது. உலகத்தை அழிக்க வந்தவனைப் பார்த்தும் 'நீ பலசாலிதானே, வா மோதிப் பார்ப்போம்' என்று சந்தோசப்படுகிற ஒரு பிள்ளை.

வெள்ளிக்கிழமை அதே நொசாவாதான் குட்டிக் கோக்குவாகப் பேசப்போகிறார். அவர் 1936 அக்டோபர் 25 இல் பிறந்தவர். டைமா தொடங்கி இரண்டு வாரத்தில் 88 நிறைகிறது. பெத்தாவுக்கு 84. நேற்று இதைச் சொன்னேன். பெத்தா போனை வாங்கி, குட்டிக் கோக்கு கத்துகிற இடத்தைக் காதோடு வைத்து இரண்டு தரம் கேட்டா. "என்னிலயும் மூத்தவவா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

[திரை: பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோவில் முகப்பு. மாலை வெளிச்சம்.]

ஒரு நண்பி கேட்டாள்: பார்த்த கதை, தெரிந்த ஆட்கள், இதில் இவ்வளவு ஆவல் ஏன்? அவளும் இந்த ஊர்தான். எங்கள் திரௌபதை அம்மன் கோவிலில் 18 நாள் திருவிழா. பாண்டவர்கள் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவம் செய்ய ஏறுவான், கடைசியில் தீமிதிப்பு. அருச்சுனனுக்கு அம்பு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டேதான் ஊரே கழுத்து நோக அண்ணாந்து நிற்கிறது. போன வருசம் அவளும் என் பக்கத்தில் நின்று அழுதாள். அதை ஞாபகப்படுத்தினேன். வெள்ளிக்கிழமை தானும் வருகிறேன் என்றாள்.

[திரை: வீட்டு முன்விறாந்தை. கதிரைகள். ரீவி.]

ஏற்பாடுகள் இவை. முன்விறாந்தையில் ஆறு கதிரை, பெத்தாவுக்குச் சாய்மனை. ஜப்பானில் ஒளிபரப்பு முடிந்து இணையத்துக்கு வந்தவுடன் பார்ப்போம். அண்ணன் கட்டாரில் இருக்கிறான். 8.10 என்றால் அங்கே மாலை 5.40, வேலை விட்டு வந்திருப்பான். போனை ரீவிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து அவனையும் ஒரு கதிரையில் இருத்துவோம். பெத்தாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. ஒரே ஒரு நிபந்தனை, கோக்குவின் சண்டை நடக்கும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. அது பெத்தாவின் நிபந்தனை.

இந்த வீடியோவுக்காக நேற்று அவவுக்கு முன்னோட்டத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். முடியும்வரை கண் வெட்டாமல் பார்த்தா. பிறகு கேட்டா, "வால் எங்க புள்ள?"

"இல்ல பெத்தா. எப்பவோ போயிற்று. இதிலயும் இல்ல, நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திட்டன்."

"நல்லாப் பார். இடுப்பில சுத்தி வச்சிருப்பான். மறுகா எடுப்பான்."

[திரை: குட்டிக் கோக்குவின் முதுகு. தடி. படம் அப்படியே நிற்கிறது.]